போன ஜென்மத்தில் ஏடிஎம் ஏது?

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். என் வயது 23. பாளையங்கோட்டையில் வீடு. வண்ணார்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ராத்திரி பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன். எனக்குக் கல்லிடைக்குறிச்சியில் மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். அவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. நல்லவர்தான், ஆனால் அதிகம் பேசமாட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போவதைப் பற்றிக் கேட்டால் ‘பார்ப்போம்’ என்பார். அதனால் சம்மதம் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

ஆடியில் அவர்கள் ஊர்க் கோயில் கொடைக்கு எங்களை அழைத்திருந்தார்கள். அந்த வீட்டில் அதற்கு முன் நான் கால் வைத்ததே இல்லை. எங்கள் ஆச்சிக்கு வீரவநல்லூரில் ஒரு வீடு இருந்தது, எனக்கு நாலு வயதில் அதை விற்றுவிட்டார்கள். அப்புறம் அந்தப் பக்கம் எங்களுக்குப் போக்குவரத்தே கிடையாது. அப்படியிருந்தும், நடையைத் தாண்டிப் பட்டாசலுக்குள் (கூடத்துக்குள்) போனதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த வெளிச்சம், தூண், சுவரில் வரிசையாக மாட்டிய படங்கள், உள்ளே யாரோ உரலில் இடிக்கிற சத்தம், எல்லாம் ஏற்கெனவே ஒரு தடவை நடந்தது போலவே இருந்தது. புறவாசலில் வலது கைப்பக்கம் கிணறு இருக்கும் என்றுகூடத் தோன்றியது. போய்ப் பார்த்தால் இருந்தது! அவருடைய ஆச்சியிடம் சொன்னேன். “விட்ட குறை தொட்ட குறை. போன ஜென்மத்துல நீ இந்த வீட்டுப் பிள்ளதான்” என்று கட்டிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வீட்டுக்கு வந்ததும் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு இரண்டு தடவை இதே மாதிரி வந்துவிட்டது. ஒரு தடவை ஏடிஎம் வாசலில், இன்னொரு தடவை புதிதாகத் திறந்த ஒரு செல்போன் கடையில். சில நொடிதான். இப்போது பயமாக இருக்கிறது. இது முற்பிறவி ஞாபகமா, வியாதியா? நான் சொன்ன சம்மதம் சரிதானா?
(பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை)

பதில்: மகளே, உன் கடிதத்தில் எனக்கு உடனே பிடித்துப்போனது அந்த ஏடிஎம்தான். கல்லிடைக்குறிச்சி வீட்டைப் போன ஜென்மக் கணக்கில் எழுதிவிடலாம். ஏடிஎம்மை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆச்சியைக் கேலி செய்வதாக நினைக்காதே. வரப்போகிற பிள்ளையை ஒரு பெரிய மனுஷி இப்படிச் சொல்லிக் கட்டிக்கொள்ளக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். முற்பிறவி உண்டா இல்லையா என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தினவள், அவ்வளவுதான். ஆனால் ஒரே உணர்வு மூன்று இடத்தில் வந்திருக்கிறது என்றால், மூன்றுக்கும் பொருந்துகிற காரணத்தைத்தானே முதலில் தேட வேண்டும்?

உனக்கு வந்ததற்குத் தேஜா வூ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் ‘ஏற்கெனவே பார்த்தது’ என்று பொருள். 1876இல் எமீல் புவாராக் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு தத்துவப் பத்திரிகையின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியபோது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஆக, அவரும் உன்னைப் போலப் பத்திரிகைக்குத்தான் எழுதிப் போட்டிருக்கிறார். கேட்டுப் பார்த்த இடங்களில் எல்லாம் மூன்றில் இரண்டு பேர் போல, எங்களுக்கும் வந்திருக்கிறது என்கிறார்கள். 15 வயதிலிருந்து 25 வரைதான் அதிகம் வரும், அப்புறம் வயது ஏற ஏறக் குறைந்துவிடும். தூக்கம் கெட்டால், அலுப்பு மிஞ்சினால், மனசில் பாரம் இருந்தால் கூடுதலாக வரும் என்பதும் உண்டு. உனக்கு 23 வயது. பகலில் கணக்கு, ராத்திரி படிப்பு, நடுவில் கல்யாணப் பேச்சு. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எனக்கு 19 வயதில் ராவணசமுத்திரம் ஸ்டேஷனில் வந்தது. செங்கோட்டை பாசஞ்சர், அப்போது மீட்டர் கேஜ். வண்டி நின்றது. ஓர் அம்மா பனங்கிழங்குக் கட்டோடு ஏறினாள். பிளாட்பாரத்தில் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தது. அவ்வளவுதான், எல்லாம் இரண்டாந்தடவை நடக்கிறது என்று மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அடுத்து அந்த நாய் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பும் என்று எனக்குச் சர்வ நிச்சயமாகத் தெரியும்! திரும்பியதா என்பதுதான் இன்றுவரை ஞாபகமில்லை. இப்போது 66 ஆகிறது, அந்த மாதிரி எதுவும் வருவதில்லை. உண்மையாகவே பார்த்துப் பழகின ஆளையே யாரென்று தெரியாமல் சிரித்துவைக்கிற பருவம் இது.

அந்தச் சிரிப்பில்தான் உன் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. ரேஷன் கடையில் அரிசி எடை போடுகிறவரை ஒரு கல்யாண வீட்டில் பட்டு வேட்டியும் சந்தனமுமாகப் பார்க்கிறாய் என்று வை. “முகம் தெரியுது, ஆளு பிடிபடல” என்போம். இரண்டும் வேறு வேறு என்பது நம் பேச்சிலேயே இருக்கிறது, பார். ‘தெரிஞ்ச முகம்’ என்கிற உணர்வு சட்டென்று வந்துவிடுகிறது. எங்கே, எப்போது, யாரோடு என்கிற ஞாபகம் பின்னாலேயே ஓடி வர வேண்டும். சில சமயம் வருவதில்லை. ரேஷன் கடைக்காரர் விஷயத்தில் நாம் கலங்குவதில்லை, எங்கேயோ பார்த்திருப்போம் என்று விட்டுவிடுகிறோம். அதே ‘தெரிஞ்ச’ உணர்வு ஒரு வீட்டைப் பார்த்து வந்தால், ‘நான் இங்கே வந்ததே இல்லையே’ என்று அறிவு குறுக்கே நிற்கிறது. இரண்டுக்கும் நடக்கிற இழுபறியில்தான் உனக்கு உடம்பு சிலிர்த்தது.

இழுபறி நடக்கிறவரை நல்லது. கிறிஸ் மூலின் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு இருந்தவர்களும் இங்கிலாந்தில் 80 வயதுப் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர் டிவி பார்ப்பதையும் பேப்பர் படிப்பதையும் நிறுத்திவிட்டார். கேட்டால், எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று, படித்தாயிற்று என்பார். அவருக்கு அதில் விசித்திரமாக எதுவும் படவில்லை. குறுக்கே நிற்க வேண்டிய அறிவு நிற்கவில்லை, கோளாறு அங்கே. உனக்கு விசித்திரமாகப் பட்டதே, அது போதும்.

சரி, அந்த வீடு ஏன் தெரிஞ்ச மாதிரி இருந்தது? அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் கிளியரி என்பவர் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைக் கொண்டு இல்லாத இடங்களைக் கட்டி, ஆட்களுக்குக் கண்ணில் கருவியை மாட்டி உள்ளே பார்க்க வைத்தார்கள். ஓர் இடம் செடிகள் வளர்த்த தோட்டம். பிறகு காட்டிய இன்னொன்று பழைய இரும்புச் சாமான் போட்டுவைக்கிற இடம். தோட்டத்தில் எங்கெங்கே செடி நின்றதோ அங்கங்கே இங்கே குப்பைக் குவியல். சாமான் வேறு, கிடப்பு ஒன்று. தோட்டத்தைப் பார்த்தது ஞாபகம் வராதபோதும், இரும்புச் சாமானைப் பார்த்து ‘இங்கே வந்திருக்கிறேனே’ என்ற உணர்வு கூடுதலாக வந்தது.

இப்போது வீரவநல்லூருக்கு வருவோம். அந்தப் பக்கம் உனக்குத் தொடர்பே இல்லை என்று காட்டத்தான் அந்த வீட்டை எழுதியிருக்கிறாய். எனக்கு அதைப் படித்ததும் நேர்மாறாகத் தோன்றியது. வீரவநல்லூரும் கல்லிடைக்குறிச்சியும் செங்கோட்டை வண்டியில் அடுத்தடுத்த ஸ்டேஷன். ஆற்றங்கரை ஊர்களில் பழைய வீடுகள் பலவும் திண்ணை, நடை, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நூல் பிடித்தாற்போல் உள்ளே போகும். தெருவில் நின்றால் புறவாசல் வெளிச்சம் தெரியும். பட்டாசல் சுவரில் செத்துப்போன தாத்தாக்கள் வரிசையாக முறைப்பார்கள். உரல் சத்தம் வேறு. நாலு வயதுக்கு முந்தின சம்பவங்கள் யாருக்கும் அவ்வளவாக மனசில் நிற்பதில்லை. ஆனால் தூணைப் பிடித்துச் சுற்றி, நிலைப்படியில் தடுக்கி விழுந்து வளர்ந்த இடத்தின் கிடப்பு எங்கேயோ ஒரு மூலையில் தங்கியிருக்கலாம் இல்லையா? என் ஊகம்தான். ஆனால் முன்ஜென்மம் வரைக்கும் போவதைவிட அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போவது பக்கம்.

கிணற்றுக்கு வருகிறேன். புறவாசலில் கிணறு இல்லாத பழைய வீடு நம் பக்கத்தில் எத்தனை? வலமா இடமா என்பது பூவா தலையா. கிளியரி இதையும் விடவில்லை. 2018இல் வந்த ஆய்வில், ஒரு பாதையில் கூட்டிக்கொண்டு போய்க் கடைசித் திருப்பத்துக்கு முன்னால் நிறுத்தி, அடுத்து எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். தேஜா வூ வந்தவர்கள் ‘எனக்குத் தெரியும்’ என்று பலமாக நம்பினார்கள். ஆனால் அவர்கள் சொன்னது குருட்டு ஊகத்துக்கு மேல் சரியாக இருக்கவில்லை. திருப்பத்தைப் பார்த்த பிறகு ‘நான் நினைத்தபடியே’ என்று தோன்றுவதும் இதோடு சேர்ந்து வரும் என்று பின்னால் கண்டார்கள். உன்னை ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே: கிணற்றைப் பார்ப்பதற்கு முன்னால் வலது கைப்பக்கம் என்று யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னாயா?

ஏடிஎம்முக்கும் செல்போன் கடைக்கும் இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஊரில் எல்லா ஏடிஎம்மும் ஒரே அச்சுதான். டிச்சனர் என்ற உளவியலாளர் அந்தக் காலத்திலேயே ஒரு விளக்கம் சொன்னார்: ரோட்டைக் கடக்கப் பார்க்கிறாய், நடுவில் ஒரு கடைக் கண்ணாடியில் கண் போய்விடுகிறது, அப்புறம் கடக்கிறாய். முதலில் பார்த்த அரைப் பார்வையும் பிறகு பார்த்த முழுப் பார்வையும் ஒட்டாமல் போனால், முன்பே கடந்த மாதிரி இருக்கும். கையில் போனைப் பார்த்துக்கொண்டே கடைக்குள் நுழைந்திருப்பாய் என்று பந்தயமே கட்டுவேன்.

வியாதியா என்று கேட்டாய். இதில் மட்டும் விளையாட்டுப் பேச்சு கிடையாது. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் இருக்கிற மூளைப் பகுதியில் கிளம்புகிற ஒரு வகை வலிப்புக்கு இந்த உணர்வு முன்னறிவிப்பாக வருவது உண்டு. கனடாவில் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், வலிப்புக்காரர்களை மயக்காமல் பேச வைத்துக்கொண்டே அந்தப் பகுதியை லேசான மின்சாரத்தால் தொட்டபோது, இது முன்பே நடந்தது போல இருக்கிறது என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். வலிப்பு என்றதும் கை கால் உதறி நுரை தள்ளுவது மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. வாரத்தில் பல தடவை, ஒரே அச்சாக வருகிறதா? கூடவே வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போலவோ, இல்லாத நாற்றம் வருவது போலவோ, காரணமில்லாத பயமோ உண்டா? அந்த நேரத்தில் வெறித்துப் பார்த்தாய், வாயைச் சப்பினாய், கூப்பிட்டால் பேசவில்லை என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்கிறார்களா? தலையில் அடிபட்ட பிறகு ஆரம்பித்ததா? இதில் ஒன்று ‘ஆமாம்’ என்றாலும் தள்ளிப்போடாதே. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டு. மந்திரிக்கப் போவதெல்லாம் அப்புறம். நீ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், எப்போதாவது, சில நொடி, நினைவு தப்பாமல். எனக்குப் பயமில்லை. ராத்திரி கண்விழித்துப் படிப்பதை மட்டும் குறை.

இனி சம்மதம். உனக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்தது வீடு. மாப்பிள்ளை இல்லை. அவர் இன்னும் ‘பார்ப்போம்’ என்ற இடத்திலேயேதான் நிற்கிறார். பட்டாசல் உன்னைத் தெரியும் என்று சொன்னதால், அந்தக் கேள்விக்கு அவரிடமிருந்து பதில் வந்ததாக நீயே வைத்துக்கொண்டுவிட்டாய். அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. நம் பக்கத்து ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் பெரியவர்கள் முன்னால் ‘பார்ப்போம்’ தவிர வேறு வார்த்தை அறியாதவர்கள். தனியாகக் கேட்டால் தெளிவாகச் சொல்லக்கூடும். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் போன் போட்டுக் கேள். பேங்க் வேலை கிடைத்து வெளியூரில் போட்டால் என்ன செய்வது, கல்யாணத்துக்கு அப்புறம் குடித்தனம் கோயம்புத்தூரிலா கல்லிடைக்குறிச்சியிலா, பரீட்சைக்கு இன்னும் ஒரு வருஷம் படிக்க வேண்டியிருந்தால் பொறுப்பாரா? அவர் பதில் உனக்கு ஒத்துவந்தால் சந்தோஷமாகப் போய் அந்த ஆச்சி மடியில் உட்கார். ஒத்துவரவில்லை என்றால், வீட்டைப் பார்த்துச் சொன்ன சம்மதம் உன்னைக் கட்டிப்போடாது. அம்மாவிடம் சொல்லத் தயங்கினால் இந்தப் பக்கத்தை அப்படியே காட்டு.

அம்மாவிடம் இன்னொரு வேலையும் இருக்கிறது. நீ பார்த்த வீட்டை ஒரு தாளில் வரைந்து வை, காட்டாதே. வீரவநல்லூர் ஆச்சி வீட்டை அம்மாவை இன்னொரு தாளில் வரையச் சொல். நடை, தூண், அடுக்களை எல்லாம் குறித்த பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போடு. ஆச்சி வீட்டில் கிணறு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசையாக இருக்கிறது.