ஒரே நகரத்தில் ஒரு தெருவில் சிக்னல் பிரமாதம், பக்கத்துச் சந்தில் சுத்தமாக இல்லை. ஏன்? வைஃபை பாதுகாப்பும் இப்படி ஏரியாவுக்கு ஏரியா மாறுமா?

கம்பெனியின் கவரேஜ் மேப்பில் உங்கள் தெரு பச்சையாக, அதாவது சிக்னல் உண்டு என்று, இருப்பதைப் பார்த்துக் கடுப்பாகித்தான் கேட்டிருப்பீர்கள். அந்தப் பச்சைக்காகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

டிரைவ் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. காரில் போன்களையும் லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் சிக்னலை அளப்பது. கம்ப்யூட்டர் கணித்துத் தரும் மேப்பை இந்த அளவுகளை வைத்துத்தான் திருத்துவார்கள். கார் நுழையாத சந்தில்? வெறும் கணிப்புதான்.

ஒருமுறை புகார் வந்த இடத்தில் மெயின் ரோட்டில் மைனஸ் 80 டிபிஎம் காட்டியது. டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு; மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் குறையும். இது நல்ல சிக்னல். வண்டியை ஓரங்கட்டிவிட்டு சந்துக்குள் நடந்து போனேன். தகரக் கூரை, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். புகார் கொடுத்த அம்மாவின் வீட்டுக்குள் மைனஸ் 115. ரோட்டில் இருந்ததில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட உள்ளே வரவில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, போனை அதற்குள் வைத்திருந்தார். "ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும் தம்பி. எம் பொண்ணு என்னைத் திட்டுறது சந்துக்கே கேக்கும்" என்றார்.

அந்த அளவை ரிப்போர்ட்டில் சேர்த்தேன். "ரூட்டில் இல்லாததை எதற்கு எடுத்தாய்?" என்று சொல்லி நீக்க வைத்தார்கள். பெட்ரோல் பில்லையே மாதக்கணக்கில் இழுத்தடித்த ஒப்பந்தக்காரர், நடந்து எடுத்த அளவுக்கா மதிப்புத் தரப்போகிறார்? அதை விடுங்கள். 'நடந்தே அளக்கும் வாக் டெஸ்ட் இருக்கிறதே' என்று யாராவது கமெண்டில் வருவார்கள். இருக்கிறது. நான் பார்த்தவரை அது பெரிய ஆபீஸ்களுக்கும் மால்களுக்கும்தான் நடந்தது.

வைஃபைக்கு வருகிறேன். போனில் டேட்டா எடுக்காததால் அந்தச் சந்தில் பல வீடுகளுக்கு மாடி வீட்டு ரவுட்டர் ஒன்றுதான். பாஸ்வேர்ட் படிக்கட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் பாஸ்வேர்ட் தெரிந்தவர், உங்கள் போன் இணையும் நொடியைப் பிடித்துவிட்டால், அப்புறம் நீங்கள் அனுப்புவதைப் பிரித்துப் பார்க்கலாம். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இதை அடைத்தது. பழைய ரவுட்டரில் அது எங்கே இருக்கும்? வங்கி ஆப்களுக்குத் தனிப் பூட்டு உண்டு, பதற வேண்டாம். ஆனால் இதை 'விழிப்புணர்வு இல்லாத ஜனங்கள்' என்று எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். டவர் ஒழுங்காக எட்டியிருந்தால் அவர்கள் ஏன் பாஸ்வேர்டைப் பங்கு போடுகிறார்கள்?

2ஜி கதையும் இதேதான். 4ஜி எட்டாத இடத்தில் போன் 2ஜிக்கு இறங்கும். அதில் போன்தான் தன்னை நெட்வொர்க்கிடம் நிரூபிக்கும், நெட்வொர்க் போனிடம் நிரூபிக்காது. நிஜ டவர்போல் நடித்துப் போனை இழுத்துக்கொள்ளும் போலி டவருக்கு அது வசதி. ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் 2ஜியை அணைக்கலாம். 2ஜி மட்டுமே எட்டும் வீட்டில் அணைத்தால் அழைப்பே வராது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்குத்தான் இந்த அறிவுரை உதவாது.

நீங்கள் புகார் கொடுக்கும்போது 'சிக்னல் இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் பக்கத்தில் டிபிஎம் எண் இருக்கும். எந்த அறை, எத்தனை மணி, என்ன எண் என்று ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள்.