டொமைன் மாற்றிய பின் தேடலில் ஏற்பட்ட சரிவு

வணக்கம். உங்கள் சமையல் குறிப்புத் தளத்தை மூன்று வாரங்களுக்கு முன் புதிய டொமைனுக்கு மாற்றி, பழைய முகவரிகள் அனைத்தையும் 302 ரீடைரக்ட் மூலம் புதிய முகப்புப் பக்கத்திற்கே திருப்பிவிட்டதாகவும், அதன்பின் கூகுள் வழியாக வருவோர் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள்.

டொமைன் மாறியதைவிட, எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்பியதே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன். ரசம் பற்றிய பக்கத்திற்கு வந்தவரை ரசமே இல்லாத முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், கூகுள் அதை ‘சாஃப்ட் 404’ ஆக, அதாவது பக்கமே இல்லாததாக, எடுத்துக்கொள்வதுண்டு. அப்போது அந்தப் பக்கம் ஆண்டுக்கணக்கில் ஈட்டிய இணைப்புகளின் மதிப்பு புதிய இடத்திற்குப் போய்ச் சேராது. ஆகவே ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்திற்கு, நிரந்தர மாற்றத்தைக் குறிக்கும் 301 ரீடைரக்ட் கொண்டு, இடையில் வேறு முகவரி எதுவுமின்றி ஒரே தாவலில் அனுப்புங்கள். (பக்கங்களைத் தேடிப் படிக்கும் கூகுளின் நிரலான கூகுள்பாட் 10 தாவல்கள் வரை பின்தொடரும்; அதன் பொறுமையைச் சோதிக்க வேண்டாம்.) 302 என்பது தற்காலிக மாற்றத்தின் குறி என்பதால், தேடல் முடிவுகளில் பழைய முகவரியே நீடிக்க அது இடம்தரும். ரீடைரக்டால் பேஜ்ரேங்க், அதாவது இணைப்புகளை வைத்துக் கூகுள் ஒரு பக்கத்திற்குக் கணக்கிடும் மதிப்பு, கசியும் என்று உங்களிடம் சொன்னவர் பழைய கதையைச் சொல்லியிருக்கிறார். அப்படி இழப்பில்லை என்று கூகுள் தரப்பிலிருந்தே 2016-இல் தெளிவுபடுத்திவிட்டார்கள்.

புதிய பக்கங்களின் கனானிக்கல் குறியில் (ஒரு பக்கத்தின் முதன்மை முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) பழைய டொமைன் எஞ்சியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு, தள உரிமையாளர்களுக்கான கூகுள் சேவையான சர்ச் கன்சோலின் முகவரி மாற்றக் கருவியைப் பயன்படுத்துங்கள். பழைய டொமைனின் பதிவைப் புதுப்பித்து, ரீடைரக்டுகளைக் குறைந்தது ஓராண்டாவது விட்டுவையுங்கள். திருத்திய பின்னும் தரவரிசை சில வாரங்கள் ஏறி இறங்கும். அந்த இடைவெளியில் தளத்தின் வடிவமைப்பில் கைவைக்காதீர்கள்.