ஏழரையும் எட்டரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். ஜெர்மன், ஜப்பானியம் ஆகிய இரண்டில் எதைக் கற்றால் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும்? சான்றிதழ் எந்த நிலை வரை இருந்தால் போதும்? மொழிபெயர்ப்புச் செயலிகள் வளர்ந்துவிட்ட காலத்தில் இந்த உழைப்பே வீண் என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சென்ற வாரம் பழைய கோப்புகளைக் கழிக்கும்போது என் ஜெர்மன் சான்றிதழ் கையில் அகப்பட்டது. அதைக் கிழிப்பதா வைத்துக்கொள்வதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

சம்பளக் கேள்வியை விட்டுவிடுகிறேன். இன்று நான் சொல்லும் பதில் நீங்கள் பட்டம் பெறும் நாளில் ஊசிப்போயிருக்கும். உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. செயலி செய்துவிடும் வேலைக்காக உங்களை யாரும் அழைக்கப் போவதில்லை. அந்த அளவோடு நின்றுவிடும் படிப்பு வீண்தான்.

ஆனால் ‘எந்த நிலை வரை இருந்தால் போதும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் ‘போதும்’ என்ற சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 1984 முதல் நடந்துவரும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 தொடங்கி என்1 வரை ஐந்து நிலைகள் இருக்கின்றன. ஆனால் எந்த நிலையிலும் பேசிக் காட்டும் தேர்வும் இல்லை, சொந்தமாக எழுதிக் காட்டும் தேர்வும் இல்லை. கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் தேறிவிடலாம். ஏ1 முதல் சி2 வரை செல்லும் ஐரோப்பிய அளவுகோலை ஒட்டிய ஜெர்மன் தேர்வுகளில் பேச்சும் உண்டு என்பது உண்மையே. ஆயினும் தேர்வறையில் எதிரே அமர்ந்திருப்பவர் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். வேலையிடத்தில் அப்படி ஒருவரும் கிடைக்கமாட்டார்.

நானும் ‘போதும்’ என்று நினைத்தவன்தான். நல்ல மதிப்பெண்களோடு தேறி, அதைத் தன்விவரக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே போட்டு, அதன் பலத்தில் வேலையிலும் சேர்ந்தேன். இரண்டாம் மாதம் வாடிக்கையாளர் தொலைபேசியில் கூட்டத்துக்கு நேரம் குறித்தார்: ‘ஹால்ப் ஆஹ்ட்’. ஹால்ப் என்றால் அரை, ஆஹ்ட் என்றால் எட்டு. நான் எட்டரை என்று குறித்துக்கொண்டேன். ஜெர்மானியருக்கு அது எட்டை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்ட நேரம், அதாவது ஏழரை. பாடப்புத்தகத்துப் பயிற்சியில் இதே கேள்விக்குச் சரியாக விடை எழுதியவன் நான். அன்று மறுமுனையில் ஐந்து பொறியாளர்கள் ஒரு மணி நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏழரை பிடித்தது அப்போதுதான்.

அதன்பின் நேரமோ தொகையோ வாக்குறுதியோ காதில் விழுந்தால், அதை வேறு சொற்களில் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளும் பழக்கம் வந்தது. ஒருமுறை அவர்கள் ஒரு வசதியை ‘எவென்டுவெல்’ சேர்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். ஆங்கிலம் அறிந்த காதுக்கு அது ‘இறுதியில் எப்படியும்’ என்று ஒலிக்கும்; ஜெர்மனில் அதற்கு ‘ஒருவேளை’ என்றுதான் பொருள். எங்கள் திட்ட அட்டவணையில் அதற்கென ஒதுக்கியிருந்த மூன்று வார வேலையை நான் கேட்டு உறுதிசெய்துகொண்டு அடித்தேன். அடுத்த ஆண்டு தங்கள் அலுவலகத்துக்கே வந்து பணியாற்ற ஒருவரை அவர்கள் அழைத்தபோது, என்னைவிட நன்றாக நிரல் எழுதும் மூவர் இருந்தும் என் பெயரைத்தான் கேட்டார்கள். வேலையில் மொழியால் எனக்குக் கிடைத்த பலன் இதுதான். சான்றிதழ் வாசல்வரை கொண்டுபோய் விட்டதோடு சரி.

ஜப்பானியம்தான் என்றால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுவோருக்கு அம்மொழியில் தொழில்முறைத் தேர்ச்சி வர ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்கிறது. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் மூன்று ஆண்டுகள். வினை கடைசியில் வரும் வாக்கியம் தமிழருக்குப் பழகியது என்பதால் உங்களுக்குச் சற்றுக் குறையலாம். ‘கான்ஜி’ எனப்படும் சீன வழி எழுத்துகள் அந்தச் சலுகையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். வேலைக்குப் போனபின் நாளுக்கு இரண்டு மணி நேரம் உங்களுக்கு யார் தரப்போகிறார்கள்?

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த மாதமே வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். தேர்வுக்குக் கட்டணம் கட்டும் முன்பே அம்மொழிக்காரர் ஒருவரிடம் பேசி, எங்காவது அசடு வழிந்திருப்பீர்கள். அதை எனக்கு எழுதுங்கள். சான்றிதழின் நகலை அனுப்ப வேண்டாம்.