புதிய பைபர் இரண்டு கிழமை ஓடும்வரை பழைய இணைப்பை வெட்டாதீர்கள்

கேள்வி (வாசகி, வெள்ளவத்தை): தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில், கனடாவில் இருக்கும் அத்தானின் வீட்டில் குடியிருக்கிறோம். பழைய டெலிபோன் வயரில் வரும் இன்டர்நெட்தான் இருக்கிறது. பில்லும் அத்தானின் பெயரில்தான் வருகிறது. மகளின் ஒன்லைன் வகுப்பில் ரீச்சர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது, மகள் பேசினால் அங்கே விட்டுவிட்டுத்தான் கேட்கிறதாம். போன கிழமை ஒரு ஏஜென்ட் வந்து, "அடையாள அட்டையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், இன்றைக்கே போட்டால் இணைப்புக் கட்டணம் இல்லை, பழையதை நானே வெட்டித் தருகிறேன்" என்றார். 300 எம்பிபிஎஸ் வேகப் பைபர் பக்கேஜ் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: அந்த ஏஜென்டுக்கு அடையாள அட்டையின் படத்தை அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால், அவர் சொன்ன நிறுவனத்துக்கு நீங்களே அழைத்து, உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் விண்ணப்பம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவாகியிருந்தால் அதே அழைப்பிலேயே ரத்துச் செய்யச் சொல்லி, அவர்கள் தரும் இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

மகளின் குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்குக் காரணம் செம்பு வயர். வயர் நல்லதாக, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தால், ஏடிஎஸ்எல் எனப்படும் அந்த டெலிபோன் வயர் இணைப்பில் இறங்கும் வேகம் 24 எம்பிபிஎஸ் வரை போகும். ஏறும் வேகமோ 1 எம்பிபிஎஸ்ஸை ஒட்டி நின்றுவிடும். ரீச்சரின் படம் இறங்க வேண்டியது, மகளின் படமும் குரலும் ஏற வேண்டியவை. வீட்டில் ஒரு கைபேசி அந்த நேரம் பார்த்துப் போட்டோக்களை ஏற்றத் தொடங்கினால் மகளுக்கு மிச்சமில்லை. ஆகவே செம்பிலிருந்து, வெளிச்சத்தில் டேட்டாவைக் கொண்டுவரும் கண்ணாடி இழையான பைபருக்கு மாறுவது சரிதான், ஆனால் 300 தேவையில்லை. வீடியோ வகுப்புக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 4 எம்பிபிஎஸ் போதும், எச்டி படம் ஒன்றுக்கு 5 போதும். நால்வர் ஒரே நேரத்தில் பாவித்தாலும் 50 எம்பிபிஎஸ் தாங்கும். ஏறும் வேகம் எவ்வளவு என்பதைக் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இறங்கும் வேகம் மட்டும்.

வேகத்தைவிட டேட்டாவைக் கணக்குப் பாருங்கள். எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும், வீடியோ வகுப்பு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. தினம் மூன்று மணி நேரம் படம், மாதத்தில் 22 நாள் நான்கு மணி நேர வகுப்பு என்றால் மாதம் 360 ஜிபியை நெருங்கும். இரவு 12 மணிக்குப் பிறகு கிடைக்கும் டேட்டாவையும் கூட்டிப் பெரிய எண்ணாகக் காட்டும் பக்கேஜில், பகலுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். "அன்லிமிட்டட்" என்றால், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் எவ்வளவுக்குக் குறையும் என்று கேளுங்கள். விலையைக் கேட்கும்போது 18 சதவீத வற் உட்பட எல்லா வரியும் சேர்ந்த மாதத் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் எவ்வளவு, இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்பதும் எழுத்தில் வேண்டும்.

இனி ஏஜென்ட். வீடு வீடாக வருபவர்களில் பலர் இணைப்புக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர்கள். இணைப்பு ஏறியதும் அவர்களின் வேலை முடிந்துவிடும். "பழையதை நானே வெட்டித் தருகிறேன்" என்ற வாக்குத்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அவரால் வயரை வெட்ட முடியும், கணக்கை மூட முடியாது. கணக்கை மூடக்கூடியவர் யார் பெயரில் பில் வருகிறதோ அவர்தான். வயர் போய்விட்டது, பில்லும் வராது என்று நீங்கள் நினைத்திருக்க, மாதக் கட்டணம் அத்தானின் பெயரில் ஏறிக்கொண்டே போகும். பல மாதம் கழித்து, கடன் வசூலிப்பவர்களின் கடிதம் வரும்போதுதான் விஷயம் தெரியவரும்.

விண்ணப்பப் படிவத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்திடாதீர்கள். தொடர்பு எண் என்ற இடத்தில் உங்கள் கைபேசி எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்டின் எண்ணை எழுதிவிட்டால் ஓடிபியும் பில்லும் அவருக்குப் போகும். ரவுட்டருக்கு, மேலதிக வயருக்கு, "சீக்கிரம் போட"க் கையில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் முகப்பில், செயலியில் அல்லது வங்கியில் கட்டி, உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு எடுங்கள். இன்னொன்று, பைபர் என்று பேசிவிட்டு 4ஜி ரவுட்டரைக் கொண்டுவந்து வைப்பவர்களும் உண்டு. பெட்டிக்குள் சிம் அட்டை போட்டால் அது பைபர் இல்லை. பைபர் என்றால் மெல்லிய கேபிள் ஒன்று சுவரைத் துளைத்து வந்து பெட்டியில் செருகப்படும்.

உங்கள் கட்டடத்தில் எந்த நிறுவனத்தின் பைபர் இருக்கிறது என்பதுதான் அடுத்த விஷயம். எஸ்எல்டி-மொபிடெல், டயலொக் என்று பெயர்களை ஒப்பிடுவதற்கு முன் கீழே போய்ப் பாருங்கள். லிப்ட் பக்கத்திலோ மின்மானி அறையிலோ சிறிய பங்கீட்டுப் பெட்டி இருக்கும். அதில் உங்கள் மாடிக்குக் காலியான போர்ட், அதாவது கேபிள் செருகும் இடம், இருக்கிறதா என்பதே கேள்வி. இணையத்தளத்தில் உங்கள் லேனுக்குச் சேவை உண்டு என்று பச்சை காட்டும், கட்டடத்துப் பெட்டி நிறைந்திருக்கும். விண்ணப்பத்தையும் காசையும் வாங்கிக்கொண்ட பிறகு "போர்ட் இல்லை, காத்திருங்கள்" என்று சொல்லும் இந்த முறை எத்தனையோ வருடமாகத் திருந்தவில்லை. ஆகவே காசு கட்டுவதற்கு முன், போர்ட்டைப் பார்த்து உறுதிப்படுத்த டெக்னீஷியனை அனுப்பச் சொல்லுங்கள். முகாமைத்துவக் குழு ஒரு நிறுவனத்துக்கு மட்டும் குழாய்வழியைத் திறந்துவிட்டிருந்தால், மற்ற நிறுவனத்துக்கு அனுமதிக் கடிதம் தருவார்களா என்று செயலாளரிடம் இப்போதே கேளுங்கள். பெட்டியில் இடமில்லை என்று தெருத் தூணிலிருந்து நேரே உங்கள் பல்கனிக்கு வயர் இழுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். மரைன் டிரைவ் பக்கத்து உப்புக்காற்றில் அந்த வயரோடு வரும் உருக்குக் கம்பியும் கொக்கியும் துருப்பிடித்து, வயர் தொய்ந்து, பைபர் இழுபடும்.

பொருத்த வருகிறவர் அநேகமாக ஒப்பந்தக்காரரின் ஆள், அவருக்கு அன்றைக்கு இன்னும் சில வீடுகள் இருக்கும். அவர் போவதற்கு முன் கேட்க வேண்டியது ஒரே ஒரு எண்: பைபரில் வரும் வெளிச்சத்தின் பலம் அவரது பவர் மீட்டரில் எவ்வளவு? அதை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள், மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் இடையில் இருந்தால் நல்லது. மைனஸ் 27 என்றால் விளிம்பு. இன்றைக்கு ஓடும், மழையில் கேபிளின் ஒரு பொருத்து ஈரமானால், வெளிச்சம் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரியும். எண் மோசமாக இருந்தால் கேபிள் எங்கோ இறுக்கமாக மடிந்திருக்கும், அல்லது முனை சரியாகத் துடைக்கப்படாமல் இருக்கும். பச்சை முனை பச்சைச் செருகியில்தான் போக வேண்டும். பச்சையின் முகம் 8 பாகை சரிவாக வெட்டப்பட்டது, நீலத்தில் செருகினால் வெளிச்சம் வீணாகும். மேலதிகக் கேபிளை ஒரு தேநீர்க் கோப்பையின் தட்டளவு வட்டமாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள், ஆணியில் மடித்துத் தொங்கவிட வேண்டாம். சுவர்த் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கேபிளோடு உள்ளே வரும்.

வேகத்தை வைபையில் பார்த்துக் குறை சொல்லாதீர்கள். லப்டொப்பை லேன் கேபிளால் பெட்டியில் செருகி, இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் பக்கேஜில் 90க்கு மேல் வந்தால் லைன் சரி. கேபிளில் சரியாகவும் அறையில் குறைவாகவும் இருந்தால் தடை கொங்கிரீட் சுவர். பெட்டியை வாசலுக்குப் பக்கத்து மூலையில் வைக்காமல் மகள் படிக்கும் அறைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். கேபிள் இழுக்கும்போதே சொன்னால்தான் நடக்கும். மின்வெட்டில் செம்பு டெலிபோன் ஓடும், பைபர்ப் பெட்டி நின்றுவிடும். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால், அதற்கேற்ற ஆம்பியரில் பற்றரியில் ஓடும் ஒரு சின்ன டிசி யூபிஎஸ் வாங்கினால் வகுப்பு தொடரும்.

இனி அத்தானின் பெயர். இதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் கொழும்பில் வீட்டுக்காரர் வெளிநாட்டில், குடியிருப்பவர் இங்கே என்ற நிலை எத்தனையோ வீடுகளில் உண்டு. அப்படியிருந்தும் முகப்பில் "கணக்குக்காரர் நேரில் வரவேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இதற்காக ஒருவர் டொரொன்டோவிலிருந்து விமானம் ஏறி வரமுடியாது. பழைய கணக்கை உங்கள் பெயருக்கு மாற்ற முயலாதீர்கள். பழைய பாக்கி, பழைய ஒப்பந்தம் எல்லாம் கூடவே வரும். புதிய இணைப்பை உங்கள் அடையாள அட்டையில், உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள். முகவரிக்கு மின்சார பில்லும், வீட்டில் பைபர் பொருத்தச் சம்மதம் என்று அத்தான் எழுதிய கடிதமும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதை மூட அத்தானிடமிருந்து தனியாக ஒரு அதிகாரக் கடிதம் வேண்டும். அதில் கணக்கு இலக்கம், தொலைபேசி எண், இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்கும்படி ஒரு வரி, அவர் சார்பில் இறுதிப் பில்லைக் கட்டி உபகரணத்தைத் திருப்பிக் கொடுக்க உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், திகதி, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். கையெழுத்து அவரது அடையாள அட்டையில் உள்ளதைப்போல் இருக்க வேண்டும். ஸ்கேன் பிரதியை ஏற்பார்களா, மூலப் பிரதி வேண்டுமா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். வாய்மொழிப் பதில் ஆளுக்கு ஆள் மாறும். அத்தான் தன் மின்னஞ்சலிலிருந்தும் அதே கோரிக்கையை நிறுவனத்துக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. பழைய தொலைபேசி எண் வங்கியிலோ பாடசாலையிலோ பதிவாகியிருந்தால் முதலில் மாற்றுங்கள். வேறு நிறுவனத்துக்கு அந்த எண்ணும் வரும் என்று எழுத்தில் உறுதி தராதவரை, எண் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண் கட்டாயம் வேண்டுமென்றால், அதே நிறுவனத்திலேயே செம்பிலிருந்து பைபருக்கு மாற்ற முடியுமா என்று அத்தானைக் கேட்கச் சொல்லுங்கள். அப்படி மாறினால் கணக்கு அவர் பெயரிலேயே தொடரும் என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதியது குறைந்தது இரண்டு கிழமை, மழை பெய்த ஒரு நாளையும் சேர்த்து, ஒழுங்காக ஓடட்டும். அதற்கிடையில் வரும் பழைய மாதக் கட்டணத்தைக் கட்டுங்கள், அது வீண் செலவில்லை. பிறகு கடிதத்தையும் பழைய ரவுட்டரையும் அடாப்டரையும் கொண்டுபோய்க் கொடுத்து, ரவுட்டரின் தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். அடுத்த பில் பூச்சியமாக வரும்வரை அதைப் பத்திரப்படுத்துங்கள். துண்டிப்புக்குப் பிறகும் கட்டணம் வந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். தீராவிட்டால் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தை 276ஆம் இலக்கத்தில் உள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். கணக்கு இலக்கம், துண்டிக்கக் கேட்ட திகதி, ரவுட்டர் பற்றுச்சீட்டின் பிரதி, நிறுவனம் தந்த முறைப்பாட்டு இலக்கம் நான்கும் கடிதத்தோடு போக வேண்டும்.