டிராகன் செத்த பிறகும் கதை இருக்கிறது

அன்புள்ள ஐயா,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பேத்திக்கு வாங்கிய 'தி ஹாபிட்' நாவலை அவளுக்கு முன்னால் நானே படித்து முடித்துவிட்டேன், அறுபது தாண்டிய வயதில், முதல் முறையாக. பாதி வரைக்கும் மனம் ஒட்டவில்லை. கதை சொல்கிறவர் அடிக்கடி குறுக்கே வந்து சின்னப்பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசுகிறார். டிராகன் காக்கும் தங்கத்தை மீட்கக் குள்ளர்களோடு அவ்வளவு தூரம் போன கதாநாயகன் பில்போ டிராகனைக் கொல்லவும் இல்லை. திடீரென்று வரும் பார்ட் என்கிற வில்லாளி கொல்கிறான். ஏமாற்றமாக இருந்தது. ஆனால் பில்போ ஊர் திரும்பும்போது, செத்துவிட்டான் என்று நினைத்து அவன் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுக்கொண்டிருக்கிறார்களே, அங்கே அழுதுவிட்டேன். நிறவெறி ஆட்சி எங்களை வெளியேற்றியதில் கேட்டோ மேனரில் எங்கள் வீடு போனதை அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். பத்து வயதில் படிக்க வேண்டியதை இப்போது படிப்பதில் அர்த்தம் உண்டா? இதை எழுதிய டோல்கீன் நம் நாட்டில் பிறந்தவர் என்கிறான் மகன். உண்மையா?

ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மா,

பத்து வயதில் இதை யார் நம் கையில் கொடுத்திருப்பார்கள்? டர்பனில் நூலகங்களைக்கூட இனம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த காலம் அது. தாமதத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. அதற்காக இழப்பே இல்லை என்று ஆறுதல் சொல்லவும் மாட்டேன். இருட்டுக் குகையில் கோலும் என்கிற விசித்திரப் பிறவி பில்போவிடம் விடுகதை போடுகிறானே, தோற்றால் தின்றுவிடுவான் என்று. அங்கே ஒரு குழந்தைக்கு வரும் நடுக்கம் நமக்கு வராது. பில்போ பிழைத்துக்கொள்வான் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் உங்களுக்கு ஏமாற்றம் தந்த இடத்தில்தான் பெரியவர்களுக்கான கதை தொடங்குகிறது என்று நினைக்கிறேன். டிராகன் 14ஆம் அத்தியாயத்தில் செத்துவிடுகிறது. புத்தகத்தில் மொத்தம் 19 அத்தியாயங்கள். மிச்சம் எதற்கு? மலைக்குள் கிடக்கும் தங்கம் யாருக்கு என்று கேட்பதற்கு. குள்ளர்களின் தலைவன் தோரினுக்கு அது பாட்டன் சொத்து. ஏரி நகரத்து மக்களோ, குள்ளர்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்தவர்கள். குள்ளர்கள் போய்க் கிளப்பிவிட்ட டிராகன் எரித்தது அவர்களுடைய ஊரை. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தோரின் கதவை அடைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறான். இரண்டு பக்கமும் நியாயம் உள்ள சண்டையை நிறுத்துவது டிராகனைக் கொல்வதைவிடக் கஷ்டம். அந்த வேலைதான் பில்போவின் தலையில் விழுகிறது.

தோரின் உயிராகத் தேடுகிற ஆர்கன்ஸ்டோன் என்ற மணியை பில்போ ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறான். ராத்திரி கயிற்றில் இறங்கிப் போய், அதை எதிர்முகாமில் பார்ட் கையில் கொடுக்கிறான், பேரம் பேசிச் சமாதானம் ஆகட்டும் என்று. இங்கேயே இருந்துவிடு, அதுதான் உனக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். இந்த இடத்தை மட்டும் திரும்பப் படியுங்கள் அம்மா. அவன் தன் கூட்டாளிகளிடமே திரும்பிப் போகிறான். மறுநாள் விஷயம் வெளியே வந்ததும், நான்தான் கொடுத்தேன் என்று தானே சொல்கிறான். தோரின் அவனைத் தூக்கிக் கீழே பாறையில் எறியப் பார்க்கிறான். இத்தனை செய்தும் போர் நிற்கவில்லை. போரிலும் பில்போ கல்லடி பட்டு மயங்கிக் கிடக்கிறான். சின்னப்பிள்ளைக்கு இதெல்லாம் துரோகமாகத் தெரியலாம், அல்லது டிராகன் போனதும் சலித்துப் போகலாம். சொத்துத் தகராறில் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிய அத்தை, மாமா யாராவது நம் குடும்பங்களில் இருப்பார்கள். அவர்களுக்கு இது உடனே புரியும். கிளம்பும்போது பில்போவுக்கு வயதும் ஏறத்தாழ 50. அதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

குறுக்கே வரும் அந்தக் குரல் எனக்கும் பிடிக்காது. டோல்கீனுக்கே பின்னால் பிடிக்காமல் போனது.

ஏலக் காட்சியை அவர் வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். பில்போ தன் சாமான்களில் பலவற்றைத் தானே காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறான். பிள்ளைகள் சிரிப்பார்கள். நீங்கள் அழுதது சரி. தன் வீட்டுப் பொருளைத் தன்னுடையது என்று அந்நியர்களிடம் நிரூபிக்க வேண்டியிருப்பதில் என்ன சிரிப்பு? பில்போவுக்காவது நுழைய வீடு நின்றது. கேட்டோ மேனரிலிருந்து உங்கள் ஊருக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

மகன் சொன்னது உண்மை. புளூம்ஃபான்டெயினில் 1892 ஜனவரி 3 அன்று பிறந்தார். அதற்கு முந்தைய வருடம்தான் அந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் அரசு இந்தியர்கள் அங்கே குடியிருக்கவும் கடை வைக்கவும் கூடாது என்று சட்டம் போட்டது. அந்தத் தடை 1980களின் நடுப்பகுதி வரை நீண்டது. அவரோ மூன்று வயதில் தாயோடு இங்கிலாந்து போய்விட்டார்; தகப்பனார் 1896இல் இங்கேயே இறந்தார். அவர் எழுதியதில் நம் ஊரைத் தேட வேண்டாம், கிடைக்காது.

பேத்திக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். இந்த நாவலின் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர் தன் 10 வயது மகனிடம்தான் படிக்கக் கொடுத்தார். அவன் நல்லது என்று சொன்ன பிறகு, 1937இல் புத்தகம் வந்தது. உங்கள் பேத்திக்கும் எட்டாம் அத்தியாயத்துச் சிலந்திகள் பிடிக்கும். டிராகன் செத்த பிறகு அவள் கொட்டாவி விட்டால் வற்புறுத்தாதீர்கள். மிச்சத்தை அவள் பெரியவளாகிப் படித்துக்கொள்ளட்டும்.