ஸ்க்ரூஜ் மெக்டக்கின் பணக் கிடங்கை யாராலும் கொள்ளையடிக்க முடியாதா?

முடியும் என்பதைக் கதைகளே காட்டுகின்றன. டிஸ்னி சித்திரக்கதைக் கலைஞர் கார்ல் பார்க்ஸ் 1947-இல் படைத்த இந்தக் கஞ்சக் கோடீஸ்வர வாத்துக்கு, டக்பர்க் என்ற கற்பனை நகரின் குன்றின் மேல் நிற்கும் புகழ்பெற்ற கிடங்கு 1951-இல் வெளிவந்த சித்திரக்கதையில்தான் அமைந்தது. தடித்த சுவர்கள், பீரங்கிகள், கண்ணிப்பொறிகள் என்று காவலுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அந்த முதல் கதையிலேயே, பீகிள் பாய்ஸ் திருடர்கள் சுவரைத் துளைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் கிடங்கில் நிரப்பப்பட்ட தண்ணீர், கடுங்குளிரில் உறைந்து விரிவடைந்து, எந்த வெடியும் தேவைப்படாமல் சுவர்களைப் பிளந்துவிடுகிறது. உறையும் நீர் குழாய்களை வெடிக்கச் செய்யும் அதே இயற்பியல்தான் இது. பார்க்ஸின் கதைகளில் நான் மிகவும் மதிக்கும் நுட்பமும் இதுவே.

என் கருத்தில், கிடங்கின் உண்மையான பலவீனம் பூட்டில் இல்லை. இத்தனை பெரிய செல்வத்தை ஊரறிய ஒரே இடத்தில் குவித்து வைத்ததில் இருக்கிறது. வங்கியில் போட்டால் நாணயக் குவியலில் குதித்து நீந்த முடியாது என்பதால், ஸ்க்ரூஜ் அதற்கு ஒருபோதும் இணங்கமாட்டார். சூனியக்காரி மேஜிகாவுக்கோ அந்தக் குவியலே வேண்டாம்: ஸ்க்ரூஜ் முதன்முதலில் சம்பாதித்த பத்து சென்ட் நாணயத்தை உருக்கித் தாயத்தாக்குவதே அவளுடைய திட்டம்.