தாய்லாந்துக் கடற்கரைக்குப் போக எந்த மாதம் நல்லது? 'ஆஃப் சீசன்' என்றால் என்ன?

மழையால் கூட்டம் குறைந்து, ஓட்டல் வாடகை இறங்கும் மாதங்கள்தான் ஆஃப் சீசன். தாய்லாந்தில் இது எல்லாக் கடற்கரைக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடல் பக்கமுள்ள புக்கெட், கிராபியை நனைக்கும். நடுவில் மலைகள் மறிப்பதால் கிழக்கே கோ சாமுய் தீவில் அப்போது மழை குறைவு. அங்கே அக்டோபர் பாதிக்குமேல் டிசம்பர் வரைதான் கொட்டும். சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவர் ஊறிக் கிடக்க, கொல்லைப்புறக் கொடியில் துணி காய்வதில்லையா, அப்படித்தான். ஆகஸ்டில் லீவு கிடைத்தால் நான் சாமுய்க்குத்தான் டிக்கெட் போடுவேன்.

மழைக்காலம் என்றால் நாள் முழுக்க அறையில் அடைந்து கிடக்கணும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஓரிரு மணி நேரம் கொட்டிவிட்டு வெளுத்துவிடும். கடல்தான் ஆபத்து: புக்கெட் மணலில் சிவப்புக் கொடி நட்டிருந்தால், வெயில் அடித்தாலும் இறங்காதீர்கள்.